பத்தொன்பதாவது ஷாட்

செப்டம்பர் 10, ஞாயிறு

காலை ஏழு மணிக்குள் இரண்டு போன். ஞாயிற்றுக்கிழமை அந்த நேரத்தில் என்னைக் கூப்பிட இரண்டு பேருக்குத்தான் துணிச்சல் உண்டு. ஒன்று போலீஸ், இன்னொன்று நாத்தனார். புது வீட்டுக்குக் குடிபோன விருந்து, ஒரு மணிக்குள் வந்துவிட வேண்டும் என்றாள் நாத்தனார். "உளுந்த வடை சூடா இருக்கும்போதே வந்திருங்க மைனி." இன்ஸ்பெக்டர் ஜெபராஜ், உடனே செவல்விளைக்கு வர வேண்டும் என்றார். வடையைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை.

செவல்விளையில் ஒரு கல்யாண மண்டபம். நேற்று சாயங்காலம் ஆறரை மணிக்கு மாப்பிள்ளை அழைப்பு. ஊர்வலம் கேட்டுக்குள் நுழையும்போது பெண் வீட்டார் ஒரு ஷாட் பெட்டியைக் கொளுத்தியிருக்கிறார்கள், வரிசையாக வானத்தில் போய் வெடிக்கிற வகை. அது பாதியில் விழுந்து ஊர்வலத்தைப் பார்த்துச் சுட ஆரம்பித்துவிட்டது. மாப்பிள்ளையின் பெரியப்பா ஆவுடையப்பன், வயது அறுபத்துமூன்று, ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர், தாடைக்குக் கீழே அடிபட்டு ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் இறந்துபோனார். இன்று காலை நடக்க வேண்டிய கல்யாணம் நின்றுவிட்டது. நான் போய் இறங்கியபோது சமையல்காரர்கள் அண்டாக்களை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

பெட்டி விழுந்த இடத்திலேயே இருந்தது. கோழிக்குஞ்சை மூடுவதுபோல ஜெபராஜ் அதன்மேல் ஒரு பிளாஸ்டிக் கூடையைக் கவிழ்த்து வைத்திருந்தார். பெட்டியின் வாய் கேட்டைப் பார்த்து இருந்தது. பின்னால் மண்ணில் ஒரு அடி நீளத்துக்கு இழுபட்ட தடம். அளந்தேன், போட்டோ எடுத்தேன், பெட்டியைக் கவரில் போட்டு அரக்கு வைத்தேன்.

கொளுத்தியது பெண்ணின் அண்ணன் இசக்கிராஜ், லாரி மெக்கானிக், இருபத்தொன்பது வயது. அவனுக்கும் ஆவுடையப்பனுக்கும் அரை மணி நேரம் முன்னால் வாய்த்தகராறு. வாழைமரம் சாய்ந்திருக்கிறது, பந்தல் கோணலாக இருக்கிறது என்று பெரியவர் வந்ததிலிருந்து குறை சொல்லிக்கொண்டே இருந்தாராம். "உங்க வாய்க்கு ஒரு வெடி வச்சாத்தான் பெரியப்பா சரிப்படும்" என்று இவன் சொன்னதை நாற்பது பேர் கேட்டிருக்கிறார்கள். நம் ஊரில் நாற்பது பேர் ஒரு விஷயத்தை ஒரே மாதிரி சொல்வது அபூர்வம். ஜெபராஜுக்கு அதிலேயே பாதி திருப்தி.

மீதிப் பாதிக்கு என்னிடம் என்னவோ கேட்டார். நானும் என்னவோ சொன்னேன். நாற்பது நிமிடத்தில் கிளம்பிவிட்டேன்.

வடை ஆறித்தான் இருந்தது.

செப்டம்பர் 11, திங்கள்

பேப்பரில் வந்திருக்கிறது. மணப்பெண்ணின் அண்ணன் கொலை வழக்கில் கைது. "வெடிப் பெட்டி கையால் திருப்பப்பட்டிருப்பதாகத் தடய அறிவியல் துறையினர் தெரிவித்தனர்."

துறையினர் என்றால் பன்மை. எங்கள் ஆய்வகத்திலிருந்து அங்கே போனது நானும் டிரைவரும். டிரைவர் ஜீப்பைவிட்டு இறங்கவே இல்லை.

செப்டம்பர் 12, செவ்வாய்

வாஷிங்மெஷின் ஓடும்போது நடந்து வாசல்வரை வந்துவிடுகிறது. இவர் அதற்கு அடியில் பழைய செருப்பை வெட்டி வைத்திருக்கிறார். தபால் ஆபீசில் முப்பத்திரண்டு வருடம் வேலை பார்த்தவருக்கு எல்லாவற்றுக்கும் ஒரு பழைய செருப்பு போதும்.

செப்டம்பர் 14, வியாழன்

இன்று பெட்டியைப் பிரித்தேன். பக்கத்தில் பேச்சிமுத்து. இந்த ஆய்வகத்தில் என்னைவிட ஆறு வருடம் மூத்த உதவியாளர். அதை தினம் ஒரு தடவையாவது எனக்கு ஞாபகப்படுத்துவார்.

ராத்திரி சாப்பாட்டில் இவர் கேட்டார்: "ஷாட் பெட்டின்னா உள்ள என்னதான் இருக்கு?" முப்பது அட்டைக் குழாய் என்றேன். வரிசைக்கு ஆறு, ஐந்து வரிசை. ஒரு திரியைப் பற்றவைத்தால் ஒவ்வொரு குழாயிலிருந்தும் ஒரு குண்டு மேலே போய் வெடிக்கும். ஒரு வரிசை முடிந்ததும் திரி அடுத்த வரிசைக்குப் போகக் கொஞ்சம் நேரம் எடுக்கும். ஒவ்வொரு தடவையும் பெட்டி கீழ்நோக்கி ஒரு உதை வாங்கும். "துப்பாக்கி மாதிரியா?" "துப்பாக்கி மாதிரிதான். ஆனா கல்யாண வீட்டில யாரும் துப்பாக்கியத் தரையில வச்சிட்டு வானத்தப் பாத்துக் கைதட்ட மாட்டாங்க."

அதுதான் பிரச்சினையும். இருநூறு பேர் இருந்தும் பெட்டியைப் பார்த்தவர் ஒருவரும் இல்லை. எல்லோரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். திரியைக் கொளுத்திவிட்டு இன்னொரு ஆரத்தித் தட்டு எடுத்துவரச் சமையல்கட்டுப் பக்கம் ஓடினேன் என்கிறான் இசக்கிராஜ். அவன் ஓடியதையும் யாரும் பார்க்கவில்லை. பாதியில் திரும்பி வந்து பெட்டியைச் சாய்த்தான் என்பது போலீஸ் கணக்கு.

இரண்டு செல்போன் வீடியோ கிடைத்திருக்கிறது. இரண்டிலும் மாப்பிள்ளை மட்டும்தான். சத்தத்தையாவது எண்ணலாம் என்று உட்கார்ந்தோம். நான் பதினெட்டு என்றேன், பேச்சிமுத்து பத்தொன்பது என்றார். மறுபடி எண்ணினால் அவர் பதினெட்டு, நான் பத்தொன்பது. நாலாவது தடவை ஒத்துப்போனது. பதினெட்டு வெடி ஒழுங்காக மேலே. பிறகு நாலரை நொடி ஒன்றுமில்லை. யாரோ "முடிஞ்சிட்டு, முடிஞ்சிட்டு" என்கிறார்கள். பிறகு பத்தொன்பதாவது. அதன் சத்தம் வேறு. அடைத்துக்கொண்ட மாதிரி. அதற்கப்புறம் அலறல்.

பெட்டியின் ஒரு பக்கத்துக் கலர் தாளில் விளிம்பை ஒட்டி நாலு இடம் வெளிறியிருக்கிறது. எடுத்து வைத்ததில் உரசியிருக்கும் என்று குறித்துவிட்டேன்.

ஜெபராஜ் போனில் சொன்னது: ஆவுடையப்பனின் மனைவி பிரமநாயகி நேற்று பெண் வீட்டு வாசலில் போய் நின்று மண்ணை வாரித் தூற்றிவிட்டு வந்தாராம். கல்யாணப் பெண் செண்பகவல்லி அந்த மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டாளாம்.

செப்டம்பர் 16, சனி

தண்ணீர் வரும் முறை. நாலு குடம், இரண்டு டிரம், மாடித் தொட்டி. மாவு ஆட்டினேன். வேறொன்றும் இல்லை.

செப்டம்பர் 19, செவ்வாய்

இன்றுதான் ஆவுடையப்பனின் சட்டை வந்தது. ஒன்பது நாளாகப் பிணவறை அலமாரியில் யாருடைய வேட்டியோடோ சேர்ந்து கிடந்திருக்கிறது. கேட்டு மூன்று கடிதம் போட்டேன். நாலாவதாகப் பேச்சிமுத்துவையே அனுப்பினேன். அவர் அங்கே போய் உட்கார்ந்துகொண்டு தன் சர்க்கரை வியாதியைப் பற்றிப் பேச ஆரம்பித்ததும் கொடுத்துவிட்டார்களாம்.

வெள்ளைச் சட்டை. காலரில் சந்தன வாசனை இன்னும் இருக்கிறது. மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தேன். காலரிலும் நெஞ்சுப் பக்கத்திலும் எரியாத மருந்துத் துகள்கள், கரி, குழாய்க்குள் வைக்கிற அட்டை வட்டின் ஒரு துண்டு.

இருபத்திரண்டு அடி தள்ளிக் கேட்டருகில் நின்ற ஆள்மேல் குண்டு வந்து படலாம். எரியாத துகள் அவ்வளவு தூரம் வராது. மிஞ்சினால் இரண்டு அடி.

அப்படியானால் அவர் கேட்டருகில் நிற்கவில்லை. அடிபட்டவரைத் தூக்கிக்கொண்டு ஓடியவர்கள் அங்கே கொண்டுபோய்ப் போட்டிருக்கிறார்கள். போலீஸ் வரைபடம் அதைத்தான் இடம் என்று போட்டுக்கொண்டது. அவர் இருந்தது பெட்டிக்கு மேலே.

பேச்சிமுத்துவிடம் சொன்னேன். "அப்ப அந்தப் பய சுடல. பெரியவருதான் போய்த் தலையக் குடுத்திருக்காரு" என்றார். "எதுக்கு?" என்றேன். "அதத்தான் நீங்க கண்டுபிடிக்கணும். நான் சீனியர்தான், ஆபீசர் இல்லல்லா."

செப்டம்பர் 20, புதன்

சாம்பாருக்கு இரண்டு தடவை உப்புப் போட்டுவிட்டேன். இவர் ஒரு கிண்டலும் செய்யாமல் சாப்பிட்டார். இவர் கிண்டல் செய்யாவிட்டால்தான் எனக்குப் பயம்.

செப்டம்பர் 21, வியாழன்

சரி. எழுதிவிடுகிறேன்.

அன்றைக்கு ஜெபராஜ் கேட்டது இது: "மேடம், இது தானா விழுந்ததா, யாராவது திருப்பி வச்சதா?" இழுபட்ட தடத்தைப் பார்த்தேன், மணியைப் பார்த்தேன். "கையால இழுத்துத் திருப்பின மாதிரிதான் இருக்கு" என்றேன். அவர் நோட்டில் எழுதிக்கொண்டார். 'மாதிரி' என்ற சொல்லை அவர் எழுதவில்லை. அதை எழுதச் சொல்லி நானும் நிற்கவில்லை.

இன்று என் போட்டோக்களையே எடுத்துப் பார்த்தேன். முதலில் பெட்டி நின்ற இடத்தில் ஒரு சதுரப் பதிவு மண்ணில் தெளிவாக இருக்கிறது. அதன் ஒரு ஓரம் மட்டும் மூன்று விரல் ஆழம் கூடுதல். மண்டபத்துப் பக்கத்து ஓரம். அந்த இடத்தில் தண்ணீர்க் குழாய்க்குப் பள்ளம் தோண்டி மூடியிருக்கிறார்கள். போட்டோவில் குழாயின் முனைகூடத் தெரிகிறது. எடுத்தவள் நான். பார்க்காதவளும் நான்.

பெட்டி முதலில் சாய்ந்தது மாப்பிள்ளை வீட்டார் பக்கம் இல்லை. பெண் வீட்டார் பக்கம். தன் வீட்டுப் பெண்கள் ஆரத்தித் தட்டோடு மண்டபத்து வாசலில் வரிசையாக நிற்கிற பக்கமாக எவனும் வெடியைச் சாய்க்க மாட்டான்.

பிரேதப் பரிசோதனை போட்டோவில் வலது கையைப் பெரிதாக்கிப் பார்த்தேன். நாலு விரலின் புறங்கைப் பக்கம் கருகியிருக்கிறது. உட்பக்கம் சுத்தமாக இருக்கிறது. பெட்டியில் 'உரசியிருக்கும்' என்று நான் எழுதிய நாலு வெளிறிய இடங்களும் ஒவ்வொன்றும் ஒரு விரல் அகலம், விரல் மறைத்ததால் புகை படியாத இடங்கள்.

நான் சொன்னது பொய் இல்லை. கையால் இழுத்துத் திருப்பியிருக்கிறார்கள்தான். யார் கை என்று கேட்க மறந்துவிட்டேன். அந்த மறதியில் ஒரு பையன் பதினோரு நாளாக ஜெயிலில் இருக்கிறான்.

இவரிடம் சொன்னேன். "என் தங்கச்சி வடை அவ்வளவு நல்லாவும் இருக்காதே" என்றார். சிரிப்பு வந்தது, பிறகு அழுகையும் வந்தது.

செப்டம்பர் 23, சனி

ஆயுதப்படை மைதானத்தில் சோதனை. அதே வகைப் பெட்டி ஆறு, தீயணைப்பு வண்டி ஒன்று, ஒரு ஜவுளிக்கடைப் பொம்மை. பொம்மைக்கு வெள்ளைச் சட்டை போட்டு ஜீப்பின் பின்சீட்டில் உட்காரவைத்துக் கொண்டுபோனோம். சிக்னலில் ஒரு போக்குவரத்துக் காவலர் அதைப் பார்த்து சல்யூட் அடித்தார். எஸ்.பி. என்று நினைத்துவிட்டாராம். பேச்சிமுத்து பதில் சல்யூட் வைத்தார்.

கெட்டித் தரையில் வைத்த இரண்டு பெட்டியும் முப்பதும் சுட்டு முடிகிறவரை அசையவில்லை. மூடிய பள்ளம்போல ஒரு ஓரத்தில் மட்டும் பொலபொலவென்று மண் நிரப்பி அதன்மேல் வைத்தோம். ஒவ்வொரு உதைக்கும் அந்த ஓரம் கொஞ்சம் கொஞ்சமாகப் புதைந்தது. பதினான்காவதில் கண்ணுக்குத் தெரிகிற சாய்வு. பதினெட்டில், எதிரே நிற்கிற பெண்களின் தலைக்கு மேலே போகிற அளவுக்குச் சாய்வு. இன்னும் இரண்டு மூன்று போனால் தலைக்கு மேலே போகாது. மூன்று பெட்டியும் அப்படியேதான்.

ஆறாவது பெட்டிக்குப் பொம்மை. கேட்டுப் பக்கமிருந்து வந்தவர் மறுபக்கத்து விளிம்பை எட்டிப் பிடித்துத் தன் பக்கமாக இழுத்திருந்தால் முகம் எங்கே வரும்? நேராகக் குழாய்களுக்கு மேலே. பொம்மையை அப்படியே குனியவைத்து விரல்களை விளிம்பில் மாட்டினோம். பத்தொன்பதாவது வெடித்ததும் பொம்மை பின்னால் சரிந்தது. விரலில் மாட்டிய பெட்டியும் அதோடு இழுபட்டு, வாய் கேட்டைப் பார்த்து விழுந்தது. மண்ணில் தடம் பதினொன்றரை அங்குலம். செவல்விளையில் நான் அளந்தது பன்னிரண்டு.

ஜெபராஜ் தொப்பியைக் கழற்றிவிட்டுப் பொம்மையைப் பார்த்துக்கொண்டு நின்றார். "மேடம், எவனாவது எரியுற வெடியப் போய்க் கையில பிடிப்பானா? அதுவும் அந்த மனுஷன்? தன் வீட்டுக்காரங்களுக்கே நல்ல வார்த்தை சொல்லாதவராம்."

"முடிஞ்சிட்டுன்னு நெனச்சிருப்பார்."

"முடிஞ்ச பெட்டிய எதுக்கு நிமித்தணும்?"

நல்ல கேள்வி. போலீஸ்காரர்கள் எப்போதாவது கேட்டுவிடுகிறார்கள்.

செப்டம்பர் 25, திங்கள்

ஜெபராஜோடு பிரமநாயகி அம்மாள் வீட்டுக்குப் போனேன். நாங்கள் கண்டுபிடித்ததைச் சொல்லக்கூடாது, கேட்க மட்டும்தான் என்று ஒப்பந்தம்.

சின்ன ஓட்டு வீடு. உள்ளே நுழைந்ததுமே எனக்கு என்னவோ உறுத்தியது. என்னவென்று தெரியக் கொஞ்ச நேரம் ஆனது. எதுவுமே கோணலாக இல்லை. காலண்டர், சாமி படங்கள், அலமாரியில் டம்ளர்கள், வாசலில் செருப்புகள், எல்லாம் ஸ்கேல் வைத்து அடுக்கியதுபோல.

"எல்லாம் அவுக வேலை" என்றார் பிரமநாயகி. "நான் வச்சா சரிஞ்சிருக்குமாம். யாரு வீட்டுக்குப் போனாலும் மொதல்ல காலண்டரத்தான் நேராக்குவாவ. பஸ்ஸு மேல மூட்டை சரிஞ்சிருந்தா விசில் ஊதி வண்டிய நிறுத்திருவாவ. ஒரு தடவ எழவு வீட்டுல போயி பாடைய நேரா வைங்கடான்னு சத்தம் போட்டு, எனக்கு மானம் போச்சு."

ஜெபராஜ் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

"அம்மா, அவர் பொதுவா கோவக்காரரா?" என்று கேட்டார்.

"கோவம்னு இல்ல. வாயி. ஏதாவது சொல்லிக்கிட்டே இருப்பாவ. உம்ம வாய்க்கு வெடி வச்சாத்தான் சரிப்படும்னு முப்பத்தாறு வருசமா நான்..." அங்கே நிறுத்திவிட்டார். தான் என்ன சொல்ல வந்தோம் என்பது அவருக்கே அப்போதுதான் கேட்டிருக்க வேண்டும். ஊரில் எல்லோரும் சொல்கிற பேச்சுதான். ஒருவன் சொன்னதை மட்டும் நோட்டில் எழுதிக்கொண்டோம்.

அவர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். நாங்கள் எழுந்து வந்துவிட்டோம். ஜீப்பில் ஏறினோம். டாஷ்போர்டில் இருந்த மாதா சுரூபத்தை ஜெபராஜ் ஒரு தடவை நேராக்கி வைத்தார்.

செப்டம்பர் 28, வியாழன்

அறிக்கை இருபத்தொரு பக்கம். டைரக்டர் முழுவதும் படித்தார். நல்ல மனிதர். யாருக்கும் எந்தச் சங்கடமும் வரக்கூடாது என்பதுதான் அவருடைய ஒரே லட்சியம்.

"எல்லாம் பிரமாதம். கடைசிப் பத்தி மட்டும் எதுக்கு?"

கடைசிப் பத்தியில், சம்பவ இடத்தில் நான் வாய்மொழியாகச் சொன்ன கருத்து போதிய ஆய்வு இல்லாமல் சொல்லப்பட்டது, அது முழுமையானதல்ல, அதை நம்பி எந்த முடிவும் எடுக்கக்கூடாது என்று எழுதியிருந்தேன்.

"வாயால சொன்னதுதானே? எங்கயும் கையெழுத்து இல்லையே. நாளைக்கு எதிர்த்தரப்பு வக்கீல் உங்க பழைய ரிப்போர்ட் ஒவ்வொண்ணையும் தோண்டுவான். இன்னும் நாலு வருஷ சர்வீஸ் இருக்கு உங்களுக்கு."

"சார், அந்த ஒரு வார்த்தைலதான் அவன் உள்ள போனான்."

"இருபத்தொண்ணு பக்கத்துல வெளிய வந்துருவானே. அது போதாதா?"

போதும் என்றுதான் எனக்கும் தோன்றியது. உண்மையைச் சொல்கிறேன், என் சீட்டுக்கு வந்து அந்தப் பத்தியை அடித்தேன். காபி குடித்தேன். மறுபடி டைப் செய்தேன். பேச்சிமுத்து பிரிண்ட் எடுத்துவந்து மேஜையில் வைத்துவிட்டுச் சொன்னார்: "மேடம், கடைசிப் பக்கத்துலயும் கையெழுத்துப் போடணும். அதான் முக்கியமான பக்கம்." முப்பது வருடத்தில் அவர் என்னைப் பாராட்டியது இதுதான் முதல் தடவை. பாராட்டா என்பதும் சந்தேகம்தான்.

அக்டோபர் 4, புதன்

அறிக்கை கோர்ட்டுக்குப் போய்விட்டது. மழை.

அக்டோபர் 11, புதன்

இசக்கிராஜுக்கு ஜாமீன். கொலை வழக்கு இல்லை என்று ஆகி, அஜாக்கிரதையால் மரணம் என்று பிரிவை மாற்றியிருக்கிறார்கள். அது நியாயம்தான். கெட்டித் தரையில், சுற்றிலும் செங்கல் முட்டுக் கொடுத்து வைக்க வேண்டும் என்று பெட்டியிலேயே படம் போட்டிருக்கிறது. அவன் பார்க்கவில்லை. பார்க்காதவர்கள் பட்டியலில் அவனுக்கு முன்னால் என் பெயர் இருக்கிறது.

டைரக்டர் இரண்டு நாளாக எனக்கு குட்மார்னிங் சொல்லவில்லை. அதிலும் ஒரு நிம்மதி. பதிலுக்குச் சிரிக்க வேண்டியதில்லை.

அக்டோபர் 15, ஞாயிறு

இன்று செய்தது விதிப்படி சரியில்லை. இந்த நோட்டை டைரக்டர் படிக்கப் போவதில்லை என்பதால் எழுதுகிறேன்.

காலையில் இவரிடம் காரை எடுக்கச் சொன்னேன். எங்கே என்று கேட்கவில்லை. பிரமநாயகி அம்மாள் வீட்டுக்குப் போய், நடந்தது முழுவதையும் அவருக்குச் சொன்னேன். பெட்டி எப்படிச் சாய்ந்தது, எந்தப் பக்கம் சாய்ந்தது, அவர் எங்கிருந்து வந்து எதைப் பிடித்தார் என்று. வலித்திருக்குமா என்று கேட்டார். நினைவு உடனே போயிருக்கும் என்றேன். அது டாக்டரும் சொன்னதுதான்.

முதலில் அவருக்குக் கோபம்தான் வந்தது. "போயும் போயும் ஒரு அட்டைப் பெட்டிய நிமித்தப் போயா செத்தீரு?" என்று சுவரில் இருந்த படத்தைப் பார்த்துக் கேட்டார். பிறகு என் பக்கம் திரும்பி, "அப்ப பொம்பளைங்க பக்கமா சாஞ்சு கெடந்துச்சா?" என்றார். ஆமாம் என்றேன். ஆரத்தித் தட்டோடு பதினொரு பேர் நின்றிருந்தார்கள் என்றேன்.

பிறகு என் பங்கையும் சொன்னேன். பேப்பரில் வந்த அந்த வார்த்தை என்னுடையது என்று. திட்டுவார் என்று நினைத்தேன். எழுந்துபோய் முகம் கழுவி, வேறு சேலை கட்டிக்கொண்டு வந்தார்.

"நான் அந்த வீட்டு வாசல்ல மண்ண வாரிப் போட்டுட்டு வந்திருக்கேன். இப்ப போறேன். நீங்களும் வாங்க. நீங்க சொன்னத நீங்கதான் சொல்லணும்."

செவல்விளைவரை கார் போனது. வழியில் இவர் ஒரு ஜோக்கும் சொல்லவில்லை.

எங்களைப் பார்த்ததும் பெண்ணின் அம்மா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். செண்பகவல்லி உள்ளே ஓடிவிட்டாள். இசக்கிராஜ் மட்டும் வாசலுக்கு வந்தான். இவ்வளவு சின்னப் பையன் என்று நான் நினைத்திருக்கவில்லை. ஒரு மாதத்தில் மெலிந்துபோயிருந்தான். அவனிடம் சொன்னேன். சுற்றி வளைக்காமல், நான் யார், அன்றைக்கு என்ன சொன்னேன், எதைப் பார்க்காமல் சொன்னேன் என்று.

"உள்ள இருந்தப்ப நான் ஒங்கள நெனைக்கல மேடம். நான் சொன்ன வார்த்தையத்தான் நெனச்சிட்டே இருந்தேன்" என்றான். பிறகு உள்ளே போய் ஒரு நாற்காலி கொண்டுவந்து எனக்குப் போட்டான். மன்னித்துவிட்டான் என்று எடுத்துக்கொள்ள எனக்கு உரிமை இல்லை. நாற்காலி போட்டான், அவ்வளவுதான். உட்கார்ந்தேன்.

பிரமநாயகி அவனிடம் பேசவில்லை. வாசல்படியில் உட்கார்ந்து அம்மாக்காரியைப் பார்த்துச் சொன்னார்: "கல்யாணத்த ஒரு வருசம் தள்ளணும்னு எங்க வீட்டுல பேசுதாவ. தள்ள வேண்டாம். தை மாசம் வையுங்க. நான் முன்னால நிப்பேன். எவளாவது ஏதாவது சொன்னா நான் பேசிக்கிடுதேன்." அவள் அழ ஆரம்பித்தாள். உள்ளே இருந்தும் ஒரு அழுகைச் சத்தம் கேட்டது.

அப்போதுதான் இசக்கிராஜின் மனைவி பொன்செல்வி தண்ணீர்ச் செம்போடு வந்தாள். ஏழு மாத வயிறு. செம்பை வைத்துவிட்டுப் போகாமல் அங்கேயே நின்றாள்.

"பெரியம்மா, பெட்டி எங்க பக்கமா சாஞ்சிருந்துச்சுன்னா சொல்லுதீங்க?"

"ஆமா தாயீ."

"நான் அங்கனதான் நின்னேன். மொத ஆளா." அவள் கை வயிற்றில் இருந்தது. "பெரியப்பா கேட்டுப் பக்கத்துல இருந்து கைய வீசிக்கிட்டு ஓடியாந்தாவ. அந்த வெடிச் சத்தத்துலயும் எனக்குக் கேக்குற மாதிரி, என்னப் பாத்து எல்லார் முன்னாலயும் சத்தம் போட்டாவ. எனக்குக் கோவம் வந்துட்டு. அழுதுக்கிட்டே உள்ள திரும்பிப் போனேன். படி ஏறும்போதுதான் பின்னால அந்தச் சத்தம்."

இசக்கிராஜ் அவளைத் திரும்பிப் பார்த்தான். "இத நீ சொல்லவே இல்லியே?"

"செத்துப்போனவுக கடைசியா என்னைய வைதாவன்னு எப்படிச் சொல்ல? ஏற்கெனவே எல்லாரும் அவுக வாயத்தான் பேசிக்கிட்டிருந்தாவ."

யாரும் அவளிடம் கேட்கவில்லை. போலீசும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. என் இருபத்தொரு பக்கத்தில் அவள் 'பச்சைச் சேலை அணிந்த பெண், தட்டுடன்' என்று ஒரு வரியில் இருக்கிறாள்.

பிரமநாயகி அவள் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்காரவைத்தார்.

"என்ன சொல்லி வைதாவ?"

பொன்செல்வி தயங்கினாள். தலையைக் குனிந்துகொண்டு முணுமுணுத்தாள். "ஏட்டி, வயித்துப் புள்ளையோட அங்கன நின்னு என்ன வேடிக்கை, உள்ள போட்டின்னு..."

"இப்படி மெதுவாவா சொல்லியிருப்பாவ? அவுக சொன்ன மாதிரியே சொல்லு."

அவள் புருஷனைப் பார்த்தாள். அவன் தலையாட்டினான். மூச்சை இழுத்துக்கொண்டு, தெருவுக்கே கேட்கிற குரலில் சொன்னாள். காருக்குள் இருந்த இவர் கண்ணாடியை இறக்கி எட்டிப் பார்த்தார்.

பிரமநாயகி கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். கேட்டுவிட்டு, மூடிய கண்ணைத் திறக்காமலே, "இன்னொரு தடவ சொல்லு தாயீ" என்றார்.